கொளுக்கியார் காலமான செவ்வாய்க்கிழமை

"இந்தக் கோப்பைத் திறந்தவர் யாராக இருந்தாலும், எதையும் தொடமுன் கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரவும். அதன்பிறகும் தொட வேண்டும் போலிருந்தால் எனக்குச் சொல்லவும். திங்கள், கரண்ட் போவதற்குச் சற்று முன்."

வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த சின்ன இணையத்தள நிறுவனத்தில், ஒரு பிளகின் கோப்பின் உச்சியில் இருந்த குறிப்பு இது. கணினி வாசிக்காமல் தாண்டிப் போகும், மனிதர் மட்டும் வாசிக்கும் வகைக் குறிப்பு. எழுதியவர் கிழமையைப் போட்டார், கரண்டைப் போட்டார், திகதியைப் போடவில்லை. திகதி விடயத்தில் கறாரான எனக்கு அது இன்றைக்கும் மனக்குறைதான். பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் இருந்த காலம் என்பது வரைதான் நிச்சயம்.

எழுதியவரை நாங்கள் கொளுக்கியார் என்போம். முன்னால் நின்றால் கொளுக்கி அண்ணை. காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அத்தனை ஒழுங்கைகளிலும் வீடு வீடாகத் தேடினாலும், தானாக ஒரு வேலையையும் தொடங்காத, ஆனால் தொடங்கிய ஒரு வேலையையும் தவறவிடாத இன்னொரு மனிதரைக் காண முடியாது. இதை நான் எழுத்தில் தரத் தயார்.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தளங்களை நடத்தும் பெரிய மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது யாரோ எழுதியது, உலகம் முழுக்கப் பாவிக்கிறது, அடிக்கடி புதுப்பிக்கப்படும். அதன் உள்ளே கைவைக்கக் கூடாது. உங்களுக்கு வேண்டிய மேலதிக வேலையைத் தனியாக எழுதி, அது விட்டுவைத்திருக்கும் கொளுக்கிகளில் மாட்டிவிட வேண்டும். அந்தத் தனி எழுத்துத்தான் பிளகின். மாட்டும் இடம்தான் ஆக்‌ஷன் ஹூக். நான் சேர்ந்த முதல் வாரம் எனக்கு இது விளங்கவில்லை என்றதும், கொளுக்கியார் ஜன்னலைத் திறந்து காலி வீதியைக் காட்டினார்.

"ஐசே, அந்த பஸ் கண்டக்டர் என்ன செய்யிறான்?"

"கத்துறான்."

"என்னெண்டு?"

"பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கோட்டை எண்டு."

"சரி. பம்பலப்பிட்டியில இறங்கிறவன் கலியாணத்துக்குப் போறானோ, பல்லுப் பிடுங்கப் போறானோ, கண்டக்டருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"தெரியத் தேவையில்லை. அவன்ர வேலை கத்துறது. இறங்கிற ஆள் இறங்கித் தன்ர வேலையைப் பார்க்கும். அதுதான் ஹூக். இதுக்காக நீர் பஸ்ஸின்ர எஞ்சினைக் கழட்டுவீரோ?"

அன்றைக்கு எனக்கு விளங்கியது. விளங்காத ஒருவர் இருந்தார். அவர் எங்கள் முதலாளி ரிஸ்வான் நானா.

நானா நல்ல மனிதர், பொறுமை மட்டும் இல்லை. ஒரு வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்தியபோது, பிளகின் எழுத நேரமில்லை என்று அந்தப் பெரிய மென்பொருளின் உள்ளேயே ஒரு வரியை மாற்றிவிட்டார். மறுநாள் கொளுக்கியார் அதைக் கண்டார். சத்தம் போடவில்லை. தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியின் மேல்தட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னப்பா, உள்ளுக்கு வாங்களே!" என்றார் நானா.

"நான் உள்ள வந்தால் நானும் அதைத் தொட்டவனாகிடுவன், நானா."

அன்று முழுக்க எங்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொளுக்கியாரின் முழங்காலைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. பழைய கோப்பின் மேல் புதுக் கோப்பு வந்து உட்கார்ந்தது.

"எங்கப்பா என்ட லைன்?" என்று நானா திரையெல்லாம் தேடினார்.

"மௌத்தாகிட்டுது, நானா," என்றார் கொளுக்கியார், துக்கம் விசாரிக்கும் குரலில்.

அவர் கொள்கையை அலுவலகத்தோடு நிறுத்தியிருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவர் வாழ்க்கையையும் கொளுக்கிகளில்தான் மாட்டி வைத்திருந்தார். மணிக்கூடு பார்த்துச் சாப்பிட மாட்டார். எங்கள் ஒழுங்கையின் கடல்பக்க முடிவில் ரயில் பாதை. மதியம் மாத்தறைப் பக்கம் போகும் ரயில் கூவினால் பார்சலைப் பிரிப்பார். ரயில் பிந்தினால் சோறும் பிந்தும். ரயில்வே வேலைநிறுத்தம் வந்த நாளில் பின்னேரம் வரை பார்சல் மேசையிலேயே கிடந்தது.

"அண்ணை, சாப்பிடுங்கோவன். இண்டைக்கு ரயில் இல்லை."

"ரயில் இல்லையெண்டு ஆர் வந்து எனக்குச் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"நீர் ரயில் இல்லையே, ஐசே."

எதிர்க்கடைத் தையல்காரர் வெளியில் தொங்கும் சட்டைகளை உள்ளே எடுத்தால் இவர் குடையை எடுப்பார். பௌர்ணமிப் போயா விடுமுறை கழிந்த மறுநாள்தான் தலைமயிர் வெட்டுவார். ஒரு மாதம் சலூன்காரர் அந்த நாளில் ஊருக்குப் போயிருந்தார். கொளுக்கியார் அடுத்த போயா வரை ஒரு சாமியாரின் தோற்றத்தில் உலவினார்.

இலக்கங்கள் இன்னொரு தொல்லை. ஒரே கொளுக்கியில் பல வேலைகளை மாட்டலாம். எது முந்தி, எது பிந்தி என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். சின்ன எண் முந்தி ஓடும். ஒன்றும் சொல்லாவிட்டால் பத்து. கொளுக்கியாருக்கு உலகமே இப்படித்தான் தெரிந்தது. நானா ஆத்திரத்தோடு வந்து நின்றால், "நானா, உங்கட கோவம் இருபது. முதல்ல இந்தப் பிழை பத்து. பத்து முடியட்டும்," என்பார். நானா இருபதாகப் போய் உட்கார்ந்து காத்திருப்பார். அவர் காத்திருந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு மரண அறிவித்தல் தளம். வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் நம்மவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். அறிவித்தல்களின் சொற்களைச் சரிபார்ப்பது என் வேலை: பிறப்பிடம், வதிவிடம், திகதிகள், உயிரோடு இருக்கும் மாமனாருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' வந்துவிடாமல் பார்ப்பது. ஓர் அறிவித்தல் வெளியானதும், அந்த ஊரின் பெயரில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத் தானாக மின்னஞ்சல் போகும். அந்தப் பிளகின் கொளுக்கியாருடையது.

முதலில் அதை அவர் 'சேமிக்கப்பட்டது' என்ற கொளுக்கியில் மாட்டியிருந்தார். சாவகச்சேரி ஐயா ஒருவரின் அறிவித்தல் வெளியானது. அதில் ஒரு பேரப்பிள்ளையின் பெயர் விடுபட்டிருந்தது, சேர்த்துச் சேமித்தேன். பிறகு ஒரு மருமகனின் ஊர் பிழை, திருத்திச் சேமித்தேன். ஒவ்வொரு சேமிப்புக்கும் மென்பொருள் கத்தியது, ஒவ்வொரு கத்தலுக்கும் மின்னஞ்சல் பறந்தது. பின்னேரம் டொரொன்டோவிலிருந்து அந்த ஐயாவின் மகன் போன் எடுத்தார்.

"தம்பி, அப்பா ஒருக்காத்தான் செத்தவர்."

கொளுக்கியார் முகம் சுருங்கிப்போனது. அன்றே வேலையை வேறு கொளுக்கிக்கு மாற்றினார்: முதன்முறை வெளியாகும்போது மட்டும் கத்துவது. அதோடு மின்னஞ்சலுக்குப் பத்து அல்ல, பதினொன்று என்று எண் கொடுத்தார். படத்தைச் சிறிதாக்கும் வேலை பத்தில் இருந்தது. அது முடிந்தபிறகுதான் மின்னஞ்சல் போக வேண்டும் என்று. இந்தப் பதினொன்றை வாசகர் கொஞ்சம் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். கொளுக்கியார் வைத்திருக்கவில்லை.

புதிதாக எதை எழுதினாலும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு போலி அறிவித்தல் வேண்டும். மற்றவர்கள் ஏதோ ஒரு பெயரைப் போடுவார்கள். கொளுக்கியார் தன் பெயரையே போடுவார்.

"அண்ணை, அபசகுனமாய் இருக்கு. வேற பேர் போடுங்கோவன்."

"எந்தப் பேரைப் போட்டாலும் அந்தப் பேரில எங்கையோ ஒரு ஆள் உசிரோட இருக்கும், ஐசே. அதுக்கு நானே மேல்."

அப்படியாக எங்கள் பரீட்சைக் கணினியில் அவர் வாராவாரம் காலமானார். கழுத்துப்பட்டி கட்டிய பாஸ்போட் படம். "கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கும். தொடர்புக்கு அவருடைய சொந்த போன் இலக்கம். மற்ற விபரங்கள் வாரத்துக்கு வாரம் மாறும். சில வாரம் அவர் ஓய்வுபெற்ற அதிபர், சில வாரம் புறக்கோட்டை வர்த்தகர், ஒரு வாரம் ஐந்து பிள்ளைகளின் பாசமிகு தந்தை. அவர் கலியாணமே கட்டாதவர். மாறாத வரி ஒன்றே ஒன்று: "மணி (கனடா) அவர்களின் அன்புச் சகோதரரும் ஆவார்."

அவருக்கு ஓர் அக்கா இருப்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

ஒரு மின்வெட்டில், கணினிகள் அணைந்து கிடந்த நேரம் கேட்டேன். சொன்னார். தாயார் கொட்டாஞ்சேனை வீட்டில் தவறியபோது அக்கா டொரொன்டோவில். டிக்கட் போட்டுவிட்டாள். தான் வரும்வரை அம்மாவின் உடலை எடுக்காமல் மலர்ச்சாலையில் வைத்திருக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணியிருக்கிறாள். அது இவருக்கும் தெரியவந்தது.

"பிறகு?"

"வீட்டில எல்லாரும் எடுப்பம், எடுப்பம் எண்டினம். ஒரு ஆளும் பொறு எண்டு சொல்லேல்லை."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"ஓம்," என்றார். "சொல்லியிருக்கலாம்."

அக்கா வந்து இறங்கியபோது வீட்டில் இருந்தது விளக்கும் படமும்தான். அதைப் பார்த்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு இருவரும் கதைக்கவில்லை. இவர் போன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. எத்தனை ஆண்டு என்று கேட்டேன். திகதி கேட்கும் என் வழக்கம். அதற்கு மட்டும், "கரண்ட் வரட்டும், ஐசே," என்றார்.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மின்னஞ்சலோடு போன் செய்தியும் அனுப்பும் புதுப் பிளகின் ஒன்றைக் கொளுக்கியார் எழுதி முடித்திருந்தார். பரீட்சிக்க, உண்மையான தளத்தை அப்படியே பரீட்சைக் கணினிக்குப் பிரதி எடுத்தார். பிரதியோடு பதிந்தவர்களின் உண்மையான முகவரிகளும் வந்துவிட்டன. அது அவருக்குத் தெரியும். அதனால் பழைய மின்னஞ்சல் வேலையைக் கொளுக்கியிலிருந்து கழற்றிவிட ஒரு வரியும் எழுதினார்.

இங்கேதான் ஒரு நுணுக்கம். கழற்றும்போது, எந்த எண்ணில் மாட்டினோமோ அந்த எண்ணையே சொல்ல வேண்டும். எண் மாறினால் அது கழலாது. கழலவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். கொளுக்கியார் எண் ஒன்றும் போடவில்லை. போடாவிட்டால் பத்து. மாட்டியிருந்தது பதினொன்றில். ஊருக்கெல்லாம் இலக்கம் கொடுத்தவர் தன் இலக்கத்தை மறந்தார்.

வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டு, கீழே போய் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

"ஹலோ... ஆர் கதைக்கிறது?" என்றது ஒரு கரகரத்த குரல். கொட்டாஞ்சேனையில் கூடப் படித்தவராம்.

"நான்தான்."

"நானெண்டால்?"

கொளுக்கியார் பெயரைச் சொன்னார்.

"டேய், நீ செத்திட்டியெண்டு இப்பதானே பார்த்தனான்!"

"ஓம், அது டெஸ்டுக்கு."

"டெஸ்டுக்குச் செத்தனியோ?"

"வாராவாரம் சாகிறனான். இந்தமுறை வெளியில போயிட்டுது."

கொட்டாஞ்சேனை என்று பதிந்திருந்த அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போயிருந்தது. போன் ஓயவில்லை. மத்தியானத்துக்கு முன் ஒரு கிழவர், பெற்றோல் இல்லாததால் சைக்கிளில், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை ஒரு மலர்வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்து மாடியேறி, வாசலில் நின்று, ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த கொளுக்கியாரைக் கண்டார்.

"அல்லாவே," என்றார் நானா. "மௌத்தான ஆள் ரோல்ஸ் திண்டுட்டு ஈக்கிறாரு எண்டு இந்தப் பெரியவருக்கு யாரு செல்லுற?"

யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கிழவர் அவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையில் ஒரு குட்டு வைத்தார். வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். வேறிடம் இல்லாமல் அதை எங்கள் யூபிஎஸ் பெட்டியின் மேல் சாத்தினோம். அந்த யூபிஎஸ் அரை உயிரில்தான் இருந்தது. அதனால் பெரிய பொருத்தக்குறைவு இல்லை. கிழவருக்குப் பிளேன்டீ கொடுத்தோம். எல்லோரும் சிரித்தோம். கொளுக்கியாரும் சிரித்தார்.

அப்போதுதான் வெளிநாட்டு இலக்கம் ஒன்று அடித்தது. அவர் எடுத்து, கையில் ரோல்ஸ் எண்ணெய் இருந்ததால், ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ. நான் கனடாவில இருந்து மணி கதைக்கிறன். அவற்ர அக்கா."

கொளுக்கியார் எழுந்து நின்றார்.

"ஆர் கதைக்கிறதெண்டு தெரியேல்லை. ஆரெண்டாலும் பரவாயில்லை. கொஞ்சம் கேளுங்கோ." பின்னால் கீபோட் தட்டும் சத்தம். "எப்ப எடுக்கப் போறியள்? நான் டிக்கட் பார்த்துக்கொண்டிருக்கிறன். நான் வருமட்டும் வையுங்கோ. மலர்ச்சாலைக்காரரிட்டைச் சொல்லுங்கோ. இந்தமுறையெண்டாலும் வையுங்கோ, ராசா."

கிழவர் பிளேன்டீயைக் கீழே வைத்தார். கொளுக்கியார் போனை என் பக்கம் நீட்டினார்.

"அக்கா," என்றேன், "ஒரு பிழை நடந்திட்டுது. அவர் இருக்கிறார்."

"என்ன?"

"உயிரோட இருக்கிறார். கம்பியூட்டர்ப் பிழை. எனக்கு முன்னாலதான் நிக்கிறார்."

"சாப்பிட்டவனோ?" என்று கேட்டாள்.

"ரோல்ஸ் சாப்பிட்டவர், அக்கா."

அதற்குப் பிறகு அவள் திட்டத் தொடங்கினாள். அப்படி ஒரு திட்டை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மாடு என்றாள், மரக்கட்டை என்றாள், சின்ன வயதில் கிணற்றில் விழுந்தவனைத் தூக்கியது தன் பிழை என்றாள். இடையிடையே அழுதாள். கொளுக்கியார் தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்து வெயிலில் நிற்பவரைப்போல நின்று முழுவதையும் கேட்டார். அவர் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

"அவனிட்டைக் குடுங்கோ," என்றாள் கடைசியில்.

நான் போனை நீட்டினேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"அண்ணை, கதையுங்கோ. ஒரு சொல்லு."

அவர் கதவைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கிப் போய்விட்டார்.

"நிக்கிறானோ?" என்றாள் அக்கா.

"இப்ப... கீழ போயிட்டார், அக்கா."

"ம்." மூக்கை உறிஞ்சும் சத்தம். "சரி. என்ர பங்குக்கு நான் எடுத்திட்டன். இனி அவன் எடுக்கட்டும். நான் செத்தபிறகு எடுத்துப் பிரயோசனம் இல்லையெண்டு சொல்லுங்கோ."

நான் ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். கொளுக்கியார் கேட்டுக்கொண்டார். அன்று பின்னேரம் தான் இறக்கவில்லை என்று ஓர் அறிவித்தலைத் தானே எழுதினார், நான் சரிபார்த்தேன். "அனைவரையும் சிரமப்படுத்தியமைக்கு வருந்துகிறேன்" என்று முடிந்தது. அதில் அக்காவின் பெயர் இல்லை.

அதன்பிறகு அவரோடு எனக்கு ஒரே கதைதான்.

"எடுத்தனீங்களோ, அண்ணை?"

"தீவாளி வரட்டும், ஐசே. தீவாளிக்கு எடுத்தால் ஒரு முறை."

தீபாவளி வந்தது. வாழ்த்துச் சொல்ல அக்கா முந்தி எடுப்பாள் என்று பார்த்திருந்தார். அவள் எடுக்கவில்லை. தைப்பொங்கல் என்றார். பிறகு அக்காவின் பிறந்தநாள் என்றார். அதற்கு முதல்நாள், ரிஸ்வான் நானா தன் கதிரையை இழுத்துவந்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"செல்லுறதக் கேளுங்க. ராத்தா, அதான் அக்கா, ஒரு ஆள்தானே ஈக்கிறது உங்களுக்கு? இது ஹூக்குக்குக் கொளுவுற விசயமில்ல. சும்மா எடுத்து ஹலோ எண்டு செல்லுங்க."

"எடுத்து என்னெண்டு தொடங்கிறது, நானா?"

"அதான் செல்லுறன்! ஹலோ!"

"ஹலோவுக்குப் பிறகு?"

நானா கதிரையை இழுத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

மின்வெட்டுகள் குறைந்த காலத்தில் அந்த மரண அறிவித்தல் தளத்தை அதன் உரிமையாளர் வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் அலுவலகம் மூடப்பட்டது. நானா இப்போது புறக்கோட்டையில் மைத்துனரோடு துணி வியாபாரம். கொளுக்கியார் வெள்ளவத்தை அறையைக் காலிசெய்துவிட்டார். களுபோவிலைப் பக்கம் போனதாக வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் போன் இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. அக்காவின் இலக்கம் அவருடைய போனில்தான் இருந்தது. அதை நான் எழுதி வைக்கவில்லை.

சென்ற மாதம் நானாவைப் பார்க்கப் புறக்கோட்டைக்குப் போனேன். சீத்தைத் துணி மடித்துக்கொண்டே அவர் ஒரு விடயம் சொன்னார். அலுவலகம் மூடியதற்குப் பிறகு ஒரு பின்னேரம், வெள்ளவத்தைக் கடற்கரையில், பாறையொன்றில் கொளுக்கியார் போல ஒருவர் உட்கார்ந்து போனில் கதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டாராம்.

"அவர்தானா, நானா?"

"முதுகத்தானே கண்ட. தலமயிர் வெட்டாம ஈந்திச்சு. அவர் போலதான்."

"என்ன கதைச்சவர்?"

"கடல் எரச்சல்ல என்னத்தக் கேக்கிற? ஆனா அவர் கதைக்கல்ல, தம்பி. கேட்டுட்டுதான் ஈந்தாரு. கன நேரம் கேட்டுட்டு ஈந்தாரு."

எந்த மாதம் என்று கேட்டேன். நானாவுக்கு நினைவில்லை. வேறு சாட்சியும் இல்லை. ஆகவே அவர் அக்காவுக்கு எடுத்தாரா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை. சரிபார்க்காத எதையும் எழுதாதவன் நான். ஆனாலும் அந்தப் பாறையில் இருந்தது அவர்தான் என்றும், மறுபக்கம் அக்கா திட்டிக்கொண்டிருந்தாள் என்றும் எழுதிவிட வேண்டும்போல இருக்கிறது.